ஒரே கூரையா, ஜாப் ஒர்க்கா? கன்சோலும் கணினியும்

2013 நவம்பரில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4 என்னும் விளையாட்டுக் கன்சோலில் இருக்கும் வரைகலைச் செயலி, அதாவது திரையில் தோன்றும் படத்தைக் கணக்கிட்டுத் தீட்டித் தரும் சில்லு, உச்ச அளவில் 1.84 டெராஃபிளாப் திறன் கொண்டது. ஒரு டெராஃபிளாப் என்பது விநாடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகளைப் போட்டு முடிக்கும் வேகம். அதே பெட்டியில், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2022 நவம்பரில் வெளியான 'காட் ஆஃப் வார்: ரக்னராக்' என்ற பெரிய விளையாட்டு ஒழுங்காக ஓடியது. அவ்விளையாட்டின் கணினி வடிவம் 2024 செப்டம்பரில் வந்தபோது, குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 1060 என்ற வரைகலை அட்டையின் திறன் ஏறத்தாழ 4.4 டெராஃபிளாப். விளையாட்டு ஒன்றே, கதை ஒன்றே, காட்சிகளும் பெரும்பாலும் அவையே; அப்படியிருக்க ஓரிடத்தில் 1.84 போதுமானதாகவும், மற்றோரிடத்தில் அதன் இரு மடங்குக்கு மேல் வேண்டியதாகவும் இருப்பது எவ்வாறு?

இப்புதிரின் ஒரு பகுதிக்கு விடை எளிது. குறைந்தபட்சத் தேவை என்பது அறிவியல் முறையில் அளந்து கண்ட எல்லை அன்று. பலவகைக் கணினிகளிலிருந்தும் புகார் வராமலிருக்க, தயாரிப்பாளர் சற்று இடம் விட்டே அதை அறிவிக்கிறார். டெராஃபிளாப் என்பதும் ஏட்டளவிலான உச்சமே. வெவ்வேறு காலத்தில் வடிவமைக்கப்பட்ட சில்லுகளை அந்த ஓர் எண்ணால் மட்டும் ஒப்பிடுவது பிழையில் முடியும். இவற்றையெல்லாம் கழித்த பின்னரும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. அந்த இடைவெளிக்குக் காரணம் சில்லின் வேகத்தில் இல்லை. இவ்விரு இயந்திரங்களும் கட்டப்பட்டுள்ள முறையில் இருக்கிறது.

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பனியன் உருவாகும் வழியை அறிந்தவருக்கு அம்முறையை விளக்குவது கடினமன்று. நூல் ஒரு நிட்டிங் யூனிட்டில் துணியாகிறது. துணி ரோல் டெம்போவில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு படியிலும் வேறொரு முதலாளியின் கூரைக்குக் கீழ் ஜாப் ஒர்க்காக வேலை நடக்கிறது. ஒரு பட்டறை சரியில்லை என்றால் அடுத்த ஆர்டருக்கு வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். புதிய இயந்திரம் இறக்கியவரிடம் மட்டும் அந்த ஒரு வேலையைக் கொடுக்கலாம். அந்தச் சுதந்திரத்திற்கு விலையாக டெம்போவுக்குக் காத்திருப்பதும், ஒருவர் தந்த அளவு மற்றவர் இயந்திரத்திற்குப் பொருந்தாமல் போவதும், தவறு யாருடையது என்ற வாக்குவாதமும் உண்டு. நூல் முதல் பெட்டி வரை அனைத்தையும் ஒரே வளாகத்தில் செய்யும் பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையின் வேகத்தை அறிந்தே போடப்பட்டிருக்கும். ஆனால் அங்கே ஓர் இயந்திரம் பழையதாகிவிட்டால் அதை மட்டும் பெயர்த்து மாற்றுவது எளிதல்ல. விளையாட்டுக் கணினி ஜாப் ஒர்க் முறையில் அமைந்தது. கன்சோல் ஒரே கூரை முறையில் அமைந்தது. ஒவ்வொன்றின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இந்தப் பிரிவு தொழில்நுட்பம் தானாக எடுத்த வடிவமன்று, வணிக முடிவுகளால் நேர்ந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிமுகம் செய்தபோது, விரைவில் சந்தைக்கு வரவேண்டும் என்பதற்காக இன்டெலின் 8088 செயலி, மைக்ரோசாஃப்டின் இயங்குதளம் என வெளியாரிடம் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைக் கட்டியது. ஓரிரு ஆண்டுகளில் காம்பேக் போன்ற நிறுவனங்கள் அதற்கு இணையான கணினிகளைச் சட்டப்படியே செய்து விற்கத் தொடங்கின. எந்தப் பாகத்தையும் எவரும் செய்யலாம் என்ற நிலை அன்று பிறந்தது. மறுபுறம், 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை தரமற்ற விளையாட்டுகளின் வெள்ளத்தில் சரிந்ததைக் கண்ட நின்டெண்டோ, 1985-ல் அங்கே தன் பெட்டியை விற்றபோது அதற்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது; உரிமம் பெறாத கேசட்டைச் செருகினால் பெட்டி இயங்க மறுக்கும். கன்சோல் உலகின் மூடிய கதவு அங்கிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்தக் கதவு பூட்டின்றியே வந்து சேர்ந்தது என்பது ஒரு வேடிக்கை. நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விற்ற மூல வடிவத்தில் பூட்டுச் சில்லு இல்லை; அதனால் அதன் நகல்கள் ஆசியாவெங்கும் பெருகின, தொண்ணூறுகளில் இந்தியக் குழந்தைகள் டிவியில் செருகி மரியோவை ஓட்டிய மஞ்சள், கறுப்புக் கேசட் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த நகல்களே. பின்னர் மாநில அரசே, அறியாமல், இரு தரப்புக்கும் உதவியது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கன்சோலுக்குத் தேவையான திரையை வீடுதோறும் கொண்டுவந்தது. 2011-ல் அதே செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், பிளஸ் டூ மாணவர் வீட்டில் ஒரு முழுக் கணினியையே வைத்தது. படிப்புக்கெனத் தரப்பட்ட அம்மடிக்கணினியில் தனி வரைகலை அட்டை கிடையாது. எனினும் 2003-ல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி' கேட்டதோ 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 128 மெகாபைட் நினைவகமும்தான்; பென் டிரைவில் கைமாறிய அவ்விளையாட்டு எத்தனை வீடுகளில் ஓடியது என்பதை அக்கால மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்சோலால் ஒருபோதும் தர இயலாத நன்மை இதில் அடங்கியிருக்கிறது: வேறொரு காரணத்துக்காக வீட்டுக்கு வந்த இயந்திரம், கூடுதல் செலவின்றி விளையாடவும் செய்தது.

இனி, கட்டப்பட்ட முறை வேகத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்க்கலாம். விளையாட்டு நிரலை எழுதுபவர், வரைகலைச் செயலியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு உண்டு. கணினியில் அந்த அடுக்கு, எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டு அட்டை மாட்டப்பட்டிருந்தாலும் வேலை நடக்கும்படி பொதுவாக எழுதப்பட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கட்டளையையும் சோதித்து, மாற்றி, அனுப்புவதில் மையச் செயலியின் (சிபியு) நேரம் கரைகிறது. கன்சோலில் பொருத்தப்பட்டுள்ள சில்லு இன்னதுதான் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே அடுக்கு மெல்லியதாகப் போதும். 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-ம் 2016-ல் வந்த வல்கனும் கணினியின் இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைத்தன, முற்றிலும் நீக்கவில்லை.

இதனோடு சேர்ந்த மற்றொரு சிக்கல் 'ஷேடர்' எனப்படும் தோற்ற நிரல்களால் வருவது. ஒளி எப்படிச் சிதற வேண்டும், நீர் எப்படி மின்ன வேண்டும், தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் இச்சிறு நிரல்கள் ஒரு பெரிய விளையாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இவை ஒவ்வொன்றும் அந்தந்த வரைகலைச் செயலியின் மொழிக்கு மாற்றப்பட்டாக வேண்டும். கன்சோலில் சில்லு ஒன்றே என்பதால் மாற்றும் வேலை தொழிற்கூடத்திலேயே முடிந்து, ஆயத்தமான வடிவம் வட்டில் வருகிறது. கணினியில் அது பயனரின் வீட்டில் நடக்கிறது. விளையாட்டின் நடுவே நடந்தால், ஒரு புதிய வெடிப்போ புகையோ முதன்முதலாகத் தோன்றும் கணத்தில் படம் தடுக்கி நிற்கும். 2022 டிசம்பரில் வந்த 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' கணினியில் இந்தத் தடுக்கலாலேயே பெயர் கெட்டது. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம் அதைத் தவிர்க்க, முதன்முறை திறந்தவுடன் எல்லாத் தோற்ற நிரல்களையும் மாற்றி முடிக்கும்வரை பயனரை நெடுநேரம் காக்க வைத்தது.

மூன்றாவது காரணம் நினைவகத்தில் இருக்கிறது. டெம்போவின் உவமை இங்கேதான் மிகப் பொருந்துகிறது. கணினியில் மையச் செயலிக்கு ஒரு நினைவகமும், வரைகலை அட்டைக்குத் தனியே ஒரு நினைவகமும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-ல் 16 கிகாபைட் நினைவகம் ஒன்றே. இரு செயலிகளும் அதையே, விநாடிக்கு 448 கிகாபைட் வேகத்தில், பகிர்ந்துகொள்கின்றன. கணினியின் இரு நினைவகங்களையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை, அதன் நான்காம் தலைமுறையில், ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 32 கிகாபைட் மட்டுமே சுமக்கும். வரைகலை அட்டையின் நினைவகத்தில் இடமிருக்கும்வரை இதனால் குறையில்லை. சொல்லப்போனால் அட்டையின் சொந்த நினைவகம் யாரோடும் பங்கிட வேண்டாதது என்பதால் நன்மையே. 8 கிகாபைட் அட்டை நிரம்பி, விளையாட்டில் வரும் அடுத்த தெருவின் சுவர்ப் படங்களை அந்தக் குறுகிய பாதை வழியே வரவழைக்க நேரும்போதுதான் காத்திருப்பு தொடங்குகிறது. அட்டை வாங்குவோர் வேகத்தை மட்டும் பார்த்து நினைவக அளவைக் கவனியாமல் விடுவது, இன்றைய நிலையில் மிகப் பொதுவான பிழை.

இவையெல்லாம் நிறுவனங்களின் விளம்பரத்திலிருந்து அறியப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் லெட்பெட்டர் தொடங்கிய டிஜிட்டல் ஃபவுண்டரி போன்ற ஆய்வுக் குழுக்கள், இயந்திரத்தைத் திறக்காமலேயே அதன் திறனை அளக்கும் வழியைக் கண்டன. கன்சோலிலிருந்து டிவிக்குச் செல்லும் படத் தொடரைப் பதிவு செய்து, ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்தையும், அதற்கு முந்தையதோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்றால் அந்த இடைவெளியில் புதிய சட்டகம் எதையும் இயந்திரம் தீட்டவில்லை என்று பொருள். விநாடிக்கு 60 புதிய சட்டகங்கள் வேண்டுமெனில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 30 எனில் 33.3 மில்லி விநாடி. படத்தின் பிரிதிறனை, அதாவது எத்தனை புள்ளிகளால் அது ஆனது என்பதை, அறியும் வழி இன்னும் நுட்பமானது. சற்றே சாய்ந்த ஒரு விளிம்பை உருப்பெருக்கினால் அது படிக்கட்டாகத் தெரியும். குறிப்பிட்ட உயரத்தில் திரையின் புள்ளிகள் எத்தனை, படிகள் எத்தனை என்று எண்ணி வகுத்தால், '4கே' என்று அறிவிக்கப்பட்ட படம் உண்மையில் எவ்வளவு சிறியதாகத் தீட்டப்பட்டுப் பின் நீட்டப்பட்டது என்பது புலப்பட்டுவிடும். பல கன்சோல் விளையாட்டுகள் 4கே-யின் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளையும் தீட்டுவதில்லை என்ற உண்மை இப்படித்தான் வெளிப்பட்டது.

சராசரி மட்டும் போதாது என்பதை 2011-ல் ஸ்காட் வாசன் என்ற இதழாளர் காட்டினார். விநாடிக்கு 60 சட்டகம் என்ற சராசரிக்குள், 59 சட்டகங்கள் விரைவாக வந்து ஒன்று மட்டும் கால் விநாடி தாமதமாக வந்தாலும் எண் கெடாது. கண்ணுக்கோ அந்த ஒன்றுதான் தெரியும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே வரைந்து பார்க்கும் அவருடைய முறை இன்று பொது வழக்காகிவிட்டது. சராசரியில் முந்தும் ஒரு கணினி, சீரான ஓட்டத்தில் கன்சோலிடம் பிந்தலாம் என்பது அந்த வரைபடங்களில்தான் தெளிவானது.

நிறுவனங்களின் கூற்றுகளும் இத்தகைய சோதனைக்குத் தப்பவில்லை. 2021-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் வந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில், ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகிற்குக் கண்ணிமைப்பில் தாவும் காட்சி, விநாடிக்கு 5.5 கிகாபைட் படிக்கும் அக்கன்சோலின் சேமிப்பகத்தால் மட்டுமே இயலும் என்பது போலப் பேசப்பட்டது. 2023 ஜூலையில் அதன் கணினி வடிவம் வந்தபோது, குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் பழைய சுழலும் வன்தட்டே இருந்தது; அதில் தாவல்கள் இடறின, சுழலாத சாதாரண எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் பெரும்பாலும் இடறவில்லை. விரைவான சேமிப்பகம் தேவை என்ற கூற்று பாதி உண்மை, அந்த ஒரு பெட்டியில் மட்டுமே இயலும் என்பது மிகை.

ஒரே கூரையின் குறையும் அளந்து அறியப்பட்டதே. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியானபோது, ஏழாண்டுப் பழைமையான பிளேஸ்டேஷன் 4-ல் அது தாங்க முடியாத அளவுக்குத் திணறியது; ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கி, 2021 ஜூன் வரை திரும்பச் சேர்க்கவில்லை. அப்போது பழைய கணினி வைத்திருந்தவர் வரைகலை அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தது. கன்சோல்காரருக்கு, அடுத்த பெட்டியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இதுவரை சொன்னவை உலகில் எங்கும் பொருந்துவன. திருப்பூர் – தாராபுரம் சாலையும் கோவை – கரூர் நெடுஞ்சாலையும் சந்திக்கும் அவிநாசிபாளையத்திலும், அதைச் சுற்றியுள்ள பொங்கலூர், பல்லடம் பகுதிகளிலும் இக்கணக்கில் மூன்று புதிய உருப்படிகள் சேர்கின்றன: வெயில், பஞ்சு, மின்சாரம்.

சில்லைக் குளிர்விக்கும் காற்றால் அதை ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல முடியாது. மின்நுகர்வும் விசிறியின் வேகமும் மாறாதிருந்தால், அறை பத்து டிகிரி சூடேறும்போது சில்லும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி சூடேறும். பிளேஸ்டேஷன் 5-ஐ 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயக்க வேண்டும் என்கிறது அதன் கையேடு. சிமெண்ட் ஷீட் வேய்ந்த லைன் வீட்டில் சித்திரை மாதப் பிற்பகலில் அந்த மேல் எல்லை எளிதில் தாண்டப்படும். கணினியின் வரைகலை அட்டைகள் தம் சூட்டைத் தாமே பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்பவை. எனவே மார்கழியில் காட்டிய வேகத்தைச் சித்திரையில் சற்றே குறைத்துக் காட்டும். பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-ல் விளக்கியபடி, அதன் வேகம் சூட்டைப் பார்த்து முடிவாவதில்லை, சில்லு செய்யும் வேலையின் அளவைப் பார்த்தே முடிவாகிறது. ஆகவே கோத்தகிரியில் இருக்கும் பெட்டியும் அவிநாசிபாளையத்தில் இருக்கும் பெட்டியும் ஒரே வேகத்தில் ஓடும், இங்கே விசிறி கூடுதலாக இரையும் என்பதே வேறுபாடு. சூடு எல்லை மீறினால் பெட்டி வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பதற்குப் பதில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

தொடர்ந்து சூடேறி ஆறுவது சில்லை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் கற்பித்த பாடம் நூறு கோடி டாலருக்கு மேல் விலை பெற்றது. 2005-ல் வந்த அப்பெட்டிகள் பெருமளவில் சிவப்பு வளைய விளக்கு எரிந்து செயலிழக்க, மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்றாண்டுக்கு நீட்டித்து, அச்செலவைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. பலகையின் ஈயமற்ற பற்றவைப்பே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது; 2021-ல் அந்நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில், பெட்டியைப் போட்டு அணைக்கும்போதெல்லாம் விரிந்து சுருங்கிய உறுப்புகளின் உள்ளிணைப்புகளே உடைந்தன என்று அதன் பொறியாளர் கூறினார்.

பஞ்சு இந்தச் சூட்டுத் தொல்லையை மோசமாக்கும். தறிக் கூடத்துக்கோ நூற்பாலைக்கோ நிட்டிங் யூனிட்டுக்கோ அருகே காற்றில் மிதக்கும் இழை, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே தடிமன் உள்ளது என்றாலும் நீளத்தில் சில மில்லிமீட்டர் இருக்கும். மண்தூசி வெப்பத்தகடுகளின் இடுக்கில் நுழைந்து வெளியேறிவிடக்கூடும். நீண்ட இழை தகட்டின் விளிம்பில் சிக்கி, அடுத்த இழையைப் பிடித்து, சில மாதங்களில் ஒரு படலமாகப் படிந்து காற்றை மறித்துவிடும். கணினியில் பக்கத் தகட்டைக் கழற்றி, புளோயரால் ஊதி, அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். பிளேஸ்டேஷன் 5-ன் வெளித்தகடுகள் கழலக்கூடியவை. உள்ளே தூசி சேரும் இரு பொறிகள் உண்டு, அவற்றின் துளை வழியே வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் வெப்பத்தகட்டைத் தொடவேண்டுமெனில் பெட்டியை முழுதும் பிரித்தாக வேண்டும். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே மின்சாரம் கடத்தும் திரவ உலோகம் இருப்பதால், அது பழக்கமற்ற கைக்கு உகந்த வேலையன்று. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை, பராமரிப்பில் கணினியே மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

மின்சாரத்தில் தீர்ப்பு மாறுகிறது. பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வாட் அளவில் எடுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். மானிட்டரோடு சேர்த்து 350 வாட் எடுக்கும் நடுத்தரக் கணினிக்கு 42 யூனிட். 450 வாட் அட்டை பூட்டி, மொத்தம் 650 வாட் இழுக்கும் கணினிக்கு 78 யூனிட். இருமாதக் கணக்கில் 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டில், இந்தக் கடைசி எண் விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அதிகம் மிச்சம் வைக்காது. மின்தடையின்போது இரண்டுமே சேமிப்பை இழக்கக்கூடும். கணினியின் மின்வழங்கி, வெளி மின்சாரம் நின்ற பின்னும் ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. அதற்குள் மாறிவிடும் இன்வர்ட்டர் மட்டுமே உதவும். இன்வர்ட்டரின் பின்புறச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைப்பதும், சதுர அலையைத் தவிர்த்து சைன் அலை வகையை வாங்குவதும் இதனால்தான்.

விலைக்கு வரும்போது, உவமை நின்றுவிடுகிறது. ஏனெனில் எந்த ஏற்றுமதி நிறுவனமும் தன் வளாகத்தை அடக்க விலைக்குக் கீழே விற்பதில்லை. கன்சோல் நிறுவனங்கள் பல வேளைகளில் விற்கின்றன. 2021 மே மாதம் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சியம் அளித்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை ஒருபோதும் லாபத்தில் விற்றதில்லை என்றார். இழப்பு ஈடாவது, விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் கடைக்காரராக எடுக்கும் 30 விழுக்காட்டுப் பங்கினாலும், இணைந்து விளையாடக் கட்டும் சந்தாவினாலும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் அதே திறனுடைய கணினியை அன்று கட்டியிருக்க முடியாது. அதன் பெரிய விளையாட்டுகள் அன்று ஒன்று 4,999 ரூபாயாக இருந்தன. அந்த விலையில் ஆண்டுக்கு மூன்று வீதம் ஐந்தாண்டு வாங்கினால் 74,985 ரூபாய், பெட்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. கணினியின் ஸ்டீம் கடையும் 30 விழுக்காட்டிலேயே தொடங்குகிறது. ஆனால் அங்கே போட்டிக் கடைகள் உண்டு, தள்ளுபடி ஆழமானது, இணைந்து விளையாடச் சந்தா இல்லை. வரியில் ஒரு காலத்தில் இருந்த பாகுபாடும் இப்போது இல்லை: 2017-ல் கன்சோலுக்கு 28 விழுக்காடாக விதிக்கப்பட்ட ஜிஎஸ்டி, 2018 டிசம்பர் 22 அன்று கூடிய மன்றத்தில், கணினிக்கு நிகராக 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையும் கன்சோலில் பொய்த்துவிட்டது. சில்லைச் சிறிதாக்கினால் அடக்க விலை குறையும் என்ற காலத்தில் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலரிலிருந்து 99 டாலர் வரை இறங்கியது. இப்போது சிறிதாக்குவதே செலவாகிவிட்டதால், பிளேஸ்டேஷன் 5 2022 நவம்பரில் 54,990 ரூபாயாக ஏறியது. கணினிப் பாகங்களின் விலையோ ஏறியும் இறங்கியும் ஆடும். ஈத்தர் என்னும் டிஜிட்டல் நாணயத்தைக் கணினிக் கணக்கால் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை வாங்கிக் குவித்தபோது எட்டாத விலையில் இருந்தவை, 2022 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டதும் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன.

பெரும்பாலான இளைஞர்கள் இன்று கைப்பேசியில்தான் விளையாடுகிறார்கள் என்பதால் இந்த ஒப்பீடே சிறுபான்மையினருக்கானது என்பது உண்மை. எனினும் இவ்விரண்டில் ஒன்றை வாங்க எண்ணும் குடும்பம், கணினியின் முழு விலையைக் கன்சோலின் விலையோடு ஒப்பிடுவது தவறு. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கோ, டேலிக் கணக்குக்கோ, பேட்டர்ன் வரையும் கேட் (CAD) வேலைக்கோ எப்படியும் கணினி வாங்கப்போகும் வீட்டில், ஒப்பிட வேண்டியது வரைகலை அட்டைக்கான கூடுதல் தொகையை மட்டுமே. அவ்வாறு பார்த்தால், 115 வாட் அளவில் அடங்கும் நடுத்தர அட்டை பூட்டிய மேசைக் கணினியே இலாபம். அத்தகைய தேவை இல்லாமல், டிவி மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கன்சோல் போதும். ஆனால் வட்டு இயக்கி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், விளையாடி முடித்த வட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் பாதி விலையையாவது மீட்கலாம். வட்டு இயக்கி இல்லாத டிஜிட்டல் பெட்டி முதல்நாள் விலையில் பத்தாயிரம் ரூபாய் குறைவு என்றாலும், அதில் வாங்கிய எதையும் விற்க முடியாது.